ஆணா, பெண்ணா என்று கேட்பதற்கு முன்

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் சமயத்தில் பெரம்பலூர் மாவட்டம் குரும்பலூர்ப் பக்கத்துக் காடுகளில் மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். உச்சியில் விரிந்த கொண்டை ஆண் பூ. தண்டின் நடுவே மட்டை போர்த்திக்கொண்டு நிற்கும் கதிர் பெண் பூ. கதிர் நுனியில் பட்டு நூலாகத் தொங்குகிறதே, அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே ஒரு மணிக்குப் போகிற வழி. கொண்டையிலிருந்து உதிரும் மகரந்தம் அந்த இழையில் ஒட்டினால்தான் அந்த மணி பிடிக்கும். பூக்கிற வாரத்தில் வானம் ஏமாற்றினால் கதிரில் பொக்கை விழுவது இதனால்தான். ஆக, ஒரு மக்காச்சோளச் செடி ஆணா பெண்ணா? இரண்டும்.

பக்கத்துக் கொல்லையில் பருத்தி இருந்தால் அங்கே சங்கதி வேறு. பூவைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் சூல்முடி, சுற்றிலும் மகரந்தப் பைகள். ஒரே பூவுக்குள் இரண்டும் குடியிருக்கின்றன. வரப்பில் நிற்கும் பனையோ கறாரான பேர்வழி. ஆண் பனை ஆண் பனைதான், பெண் பனை பெண் பனைதான். ஆனால் கொட்டை போட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பாளை தள்ளும்வரை எது எதுவென்று மரமேறிக்கும் தெரியாது. கிணற்றடியில் பப்பாளி வைத்தவருக்கு மூன்று கணக்கு: ஆண் மரம், பெண் மரம், இருபால் மரம். ஆண் மரங்களைக் கண்டதும் வெட்டிவிட்டு, இருபது பெண் மரத்துக்கு ஒன்று என்று மட்டும் விட்டுவைக்கச் சொல்வது வேளாண்மைக்காரர்களின் பழைய பரிந்துரை. பெரம்பலூர் மாவட்டம் பேர்வாங்கிய சின்ன வெங்காயத்துக்கு இந்த வம்பே இல்லை. காயை ஊன்றிக் காயை எடுக்கிறோம். அதில் அப்பனும் கிடையாது, ஆத்தாளும் கிடையாது.

அப்படியானால் ஆண், பெண் என்ற இரண்டு எங்கேதான் இருக்கிறது? உயிரியலில் அதற்குத் தெளிவான விடை உண்டு. அது இனப்பெருக்க அணுவில் இருக்கிறது. சிறியதாய், ஏராளமாய், நகரக்கூடியதாய் இருப்பது ஆண் அணு. பெரியதாய், எண்ணிக்கையில் குறைவாய், கருவுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவது பெண் அணு. மனிதரின் கருமுட்டை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிற அளவு. விந்தணுவின் தலை அதில் இருபதில் ஒரு பங்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது அளவு கிடையாது. ஏன் கிடையாது என்பதற்கு 1972இல் பார்க்கர், பேக்கர், ஸ்மித் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். கையிலிருக்கும் சத்தை நிறைய அணுக்களாகப் பிரித்தால் இணை சேரும் வாய்ப்பு கூடும். சில அணுக்களில் குவித்தால் பிறக்கும் கரு பிழைக்கும் வாய்ப்பு கூடும். நடுத்தர அளவில் செய்தால் இரண்டு பந்தயத்திலும் தோல்வி. தலைமுறை தலைமுறையாக நடுத்தரம் கழிந்துபோய், இரண்டு ஓரங்கள் மட்டும் மிஞ்சின.

இந்த இடத்தில் இருமை உறுதியானது. அதை மறுக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அணுவைப் பற்றிய இந்த உண்மையை ஆளைப் பற்றிய உண்மையாக இழுத்து நீட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மக்காச்சோளமும் பருத்தியும் பனையும் பப்பாளியும் அதே இரண்டு வகை அணுக்களைத்தான் உண்டாக்குகின்றன. உடலை மட்டும் நாலு விதமாகக் கட்டியிருக்கின்றன.

உடலைப் பார்த்து வகை பிரிப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இந்த மாவட்டத்தின் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. காரை, கொளக்காநத்தம் பக்கத்து ஓடைகளில் நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் படிமங்கள் கிடைக்கும். கிரிடேசியஸ் காலத்தில் இங்கே அலையடித்த கடலின் மிச்சம். 1860களில் ஸ்டோலிச்கா என்ற அறிஞர் இந்தப் பகுதியின் படிமங்களை ஆராய்ந்து தொகுதி தொகுதியாக எழுதினார். உலகம் முழுக்க அம்மோனைட்டுகளை அந்தக் காலத்தில் ஓட்டின் அளவையும் வாயின் அமைப்பையும் வைத்துத்தான் இனம் பிரித்தார்கள். அதற்கு நூறு வருஷம் கழித்து, 1960களின் தொடக்கத்தில், போலந்தின் மகோவ்ஸ்கியும் இங்கிலாந்தின் காலமனும் தனித்தனியாக ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள்: வெவ்வேறு இனம் என்று பெயர் சூட்டப்பட்ட பல பெரிய ஓடுகளும் சிறிய ஓடுகளும் ஒரே இனத்தின் பெண்ணும் ஆணும். அருங்காட்சியக அலமாரிகளில் பல தம்பதிகள் இரண்டு சாதியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள்.

எந்தக் கரு ஆணாகும், எது பெண்ணாகும் என்று தீர்மானிக்கும் முறையும் உயிருக்கு உயிர் மாறும். சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கு அதை முடிவு செய்வது மணலின் சூடு. சூடு கூடினால் பெண் குஞ்சுகள். கோழியில் தாய்தான் முடிவு செய்கிறது. சேவலின் விந்தணுக்கள் அத்தனையும் ஒரே வகை, முட்டையில்தான் இரண்டு வகை. மனிதரில் நேர்மாறு. தாயின் முட்டை எல்லாவற்றிலும் எக்ஸ் குரோமோசோம்தான். தந்தையின் விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். மூன்றாவதும் பொட்டைப் பிள்ளை என்று மருமகளைக் கரித்துக்கொட்டும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. விஞ்ஞானப்படி மாமியார் கோபித்துக்கொள்ள வேண்டியது அவர் பெற்ற மகனைத்தான். அவனுக்கும் அதில் கையாலாகிற காரியம் ஒன்றும் இல்லை.

எக்ஸ்-எக்ஸ் பெண், எக்ஸ்-ஒய் ஆண் என்று பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் படித்து முடித்துவிடுகிறோம். அதற்கப்புறம்தான் சுவாரஸ்யமே. கரு தரித்து ஆறு வாரம்வரை ஆண் கருவும் பெண் கருவும் உருவத்தில் ஒன்றே. பின்னால் விந்தகமாகவோ சினைப்பையாகவோ மாறக்கூடிய ஒரே மொட்டு. இரண்டு ஜோடிக் குழாய்கள், ஒரு ஜோடி கருப்பையாகக்கூடியது, மற்றது விந்துக்குழாயாகக்கூடியது. எல்லோர் வயிற்றிலும் இரண்டு ஜோடியும் இருந்தன. ஆறு, ஏழாவது வாரத்தில் ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு கொஞ்ச நேரம் விழித்துக்கொள்கிறது. அது விழித்தால் மொட்டு விந்தகமாகத் திரும்பும். 1990இல் ஆண்ட்ரூ சின்க்ளேர், பீட்டர் குட்ஃபெல்லோ, ராபின் லவெல்-பேட்ஜ் முதலியோர் லண்டனில் அதைக் கண்டுபிடித்தார்கள். மறு வருஷமே அந்த ஒரு மரபணுவை எக்ஸ்-எக்ஸ் எலிக்கருவில் செலுத்தி ஆண் எலியைப் பிறக்கவைத்தார்கள்.

ஆனால் எஸ்ஆர்ஒய் தொடங்கிவைப்பதோடு சரி. பிறகு விந்தகம் ஒரு ஹார்மோனைச் சுரந்து கருப்பைக் குழாயைக் கரைக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்து விந்துக்குழாயைக் காப்பாற்ற வேண்டும். அந்த டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஒரு நொதியால் இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாறி வெளி உறுப்பை ஆணாக வடிக்க வேண்டும். உடலின் செல்கள் அந்த ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் வாங்கிகளோடு இருக்க வேண்டும். மதகு மதகாகத் திறந்து தண்ணீர் கடைமடைக்குப் போகிற கதைதான். எந்த மதகும் பாதி திறக்கலாம், திறக்காமலும் போகலாம். பெண் உடல், ஒன்றும் நடக்காவிட்டால் தானாக அமைவது என்று ரொம்ப நாள் நம்பியிருந்தார்கள். அதுவும் தவறு. சினைப்பை அமையத் தனி மரபணுக்கள் உழைக்கின்றன. 2009இல் ஓர் ஆய்வில் வளர்ந்த பெண் எலியில் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவை நிறுத்தினார்கள். அதன் சினைப்பைச் செல்கள் விந்தகச் செல்களின் குணத்துக்குத் திரும்பின. கருவில் ஒரு தடவை முடிவெடுத்துக் கோப்பை மூடிவிடும் காரியமாக அது இல்லை. ஆயுசு முழுக்கப் பராமரிக்கப்படுகிற நிலை.

மதகுகள் வேறு வேறு விதமாகத் திறந்தால் என்ன ஆகும்? எக்ஸ்-ஒய் குரோமோசோம், எஸ்ஆர்ஒய் வேலை செய்கிறது, விந்தகம் வயிற்றுக்குள் இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கிறது. ஆனால் எந்தச் செல்லும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பிறக்கும் குழந்தை பார்வைக்குப் பெண், பெண்ணாகவே வளர்வாள், பருவத்தில் மார்பும் வளரும். கருப்பை மட்டும் இராது. கூடப்படித்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் நீராட்டு முடிந்த பிறகும் இவளுக்கு ஆகவில்லையே என்று அம்மா மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகும்போதுதான் விஷயம் தெரியவரும். ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை என்று இதற்குப் பெயர். இன்னொரு மதகு: வீரிய வடிவமாக்கும் நொதி இல்லாதவர்கள். பிறக்கும்போது பெண் குழந்தை போல இருந்து, பருவத்தில் குரல் உடைந்து ஆண் உடலாக மாறுவார்கள். டொமினிகன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் இப்படிப் பலர் இருந்ததை இம்பெராட்டோ-மெக்கின்லியின் குழு 1974இல் எழுதியது. அந்த ஊர்க்காரர்கள் அதற்குள் அதற்கென்று ஒரு பேரே வைத்துப் பழகியிருந்தார்கள். மூன்றாவது: எக்ஸ்-எக்ஸ் குழந்தைக்கு அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி குறைந்து, ஆண் ஹார்மோன் மிகுந்து, வெளி உறுப்பு ஆணுறுப்புச் சாயலில் அமைவது. இப்படிப் பிறப்பிலேயே வேறு விதமாக அமைந்த உடல்களை இப்போது ஊடுபால் என்கிறோம்.

எத்தனை பேர்? 2000இல் அமெரிக்காவின் ஆன் ஃபாஸ்டோ-ஸ்டெர்லிங் குழு 1.7 சதவீதம் என்றது. 2002இல் லெனார்ட் சாக்ஸ் என்ற மருத்துவர் அதை மறுத்து 0.018 சதவீதம் என்றார். பெரம்பலூர் மாவட்டத்தின் 2011 மக்கள்தொகையான 5,65,223இல் பொருத்திப் பார்த்தால் முதல் கணக்குக்கு 9,600 பேர், இரண்டாவதற்கு நூறு பேர். கிட்டத்தட்ட நூறு மடங்கு வித்தியாசம். இருவரும் எண்ணுவதில் பிசகவில்லை. யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பிரிந்தார்கள். வெளியே எந்த மாறுபாடும் தெரியாத, பின்னாளில் தெரியவரும் லேசான அட்ரீனல் குறைபாட்டையும் முதல் கணக்கு சேர்த்துக்கொண்டது. அதில் பெரும்பங்கு அதுதான். இரண்டாவது, குரோமோசோமும் உறுப்பும் நேர்முரணாக இருப்பவர்களையும், பார்த்துச் சொல்ல முடியாதபடி உறுப்பு அமைந்தவர்களையும் மட்டும் எடுத்துக்கொண்டது. எனக்கு இரண்டாவது கணக்கே அன்றாடப் பொருளுக்கு நெருக்கமாகப் படுகிறது. ஆனால் நூறு பேர் என்பதும் ஒரு தெரு நிறைய ஆட்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனவர்கள் கோயிலின் தெற்குச் சுவரில் அர்த்தநாரியைப் பார்த்திருப்பார்கள். நட்ட நடுவில் பாதி பாதி. கோழியிலும் வண்ணத்துப்பூச்சியிலும் அபூர்வமாக நிஜமாகவே அப்படிப் பிறப்பதுண்டு; ஒரு பக்கம் சேவல், மறு பக்கம் பெட்டை. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வகம் 2010இல் அத்தகைய கோழிகளை ஆராய்ந்து, பறவைகளில் ஒவ்வொரு செல்லும் தன் பாலைத் தானே அறிந்திருக்கிறது என்று காட்டியது. பாலூட்டிகளில் ஹார்மோன் ரத்தத்தோடு உடல் முழுக்க ஓடுவதால் அந்தக் கோடு விழாது. மனித உடலில் கலப்பு வந்தால் அது சிற்பி கிழித்த நேர்கோட்டில் வராமல், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று அடுக்கடுக்காக வரும்.

அடுக்கடுக்காக இருப்பதை ஒரே சோதனையால் அளக்கப் பார்த்தவர்கள் விளையாட்டு அதிகாரிகள். 1949இல் கனடாவில் மர்ரே பார், ஈவர்ட் பெர்ட்ராம் இருவரும் பெண் பூனையின் நரம்புச் செல்லில் மட்டும் தெரிகிற ஒரு கரும்புள்ளியைக் கண்டார்கள். அது சுருண்டு ஓய்ந்த இரண்டாவது எக்ஸ் என்று பின்னால் புரிந்தது. கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டினால் போதும், புள்ளி இருந்தால் பெண். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இதைப் பெண்கள் எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். 1985இல் ஜப்பானின் கோபே நகரில் ஸ்பெயினின் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ்-பட்டினோ இதில் தோற்றார். அவருக்கு ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை. டெஸ்டோஸ்டிரோனால் மற்றப் பெண்களுக்குக் கிடைக்கும் சிறு பலன்கூட அவர் உடலுக்குக் கிடைக்காது. அவரைத்தான் ஆணின் பலம் கொண்டவர் என்று வெளியே தள்ளினார்கள். உதவித்தொகை போயிற்று, நிச்சயித்த கல்யாணமும் போயிற்று. மூன்று வருஷம் போராடித் திரும்ப வந்தார். 1996 அட்லாண்டாவில் சோதித்த 3,387 பெண்களில் எட்டுப் பேருக்கு மாறான முடிவு வந்தது. எட்டுப் பேரையும் ஆடவிட்டார்கள். 1999இல் ஒலிம்பிக் குழு கட்டாயச் சோதனையைக் கைவிட்டது.

அது முடிந்த கதை என்று நினைத்திருந்தபோதுதான் நம் பக்கத்துப் பெண் ஒருவர் சிக்கினார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வாங்கினார். சில நாளில் பாலினச் சோதனையில் தோற்றார் என்று செய்தி வந்தது, பதக்கம் பறிபோனது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவ முடிவு, அவர் ஊர் டீக்கடையில் தொலைக்காட்சிச் செய்தியாக ஓடியது. அன்றைய முதல்வர் கருணாநிதி பரிசாக அறிவித்திருந்த 15 லட்சத்தை நிறுத்தாமல் கொடுத்தார். தில்லி அதிகாரிகள் கைவிட்டபோது தமிழக அரசு கைவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் சில வருஷம் கழித்து அவர் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். பிற்பாடு மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார்.

ஒடிசாவின் ஓட்டக்காரி துதீ சந்த் என்பவரை 2014இல் டெஸ்டோஸ்டிரோன் அளவு பற்றிய விதியைக் காட்டி நிறுத்தினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம்வரை போய் 2015இல் அந்த விதியையே நிறுத்திவைக்க வைத்தார். பிறகு 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் போட்டியிடுபவர்களுக்கு எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அதைக் கண்டுபிடித்த சின்க்ளேரே இதை எதிர்த்து எழுதினார்: அந்த மரபணு இருக்கிறதா என்பதை மட்டும்தான் சோதனை சொல்லும், விந்தகம் உண்டானதா, ஹார்மோன் சுரந்ததா, சுரந்ததை உடல் ஏற்றதா என்று சொல்லாது. பெண்களுக்கென்று தனிப் பிரிவு வேண்டும் என்பதிலோ, பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் தசைக்கு வலு சேர்க்கிறது என்பதிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படியானால் அந்த வலுவை அளக்கட்டும். முதல் மதகைப் பார்த்துவிட்டுக் கடைமடை விளைச்சலுக்குத் தீர்ப்பு எழுதுவது என்ன விஞ்ஞானம்?

இதுவரை பேசியது உடல். அதன்மேல் சமூகம் ஏற்றிவைப்பது தனி. அதைப் பாலினம் என்கிறோம். குரும்பலூர்ப் பக்கம் பருத்தி எடுப்பதும் களை வெட்டுவதும் பெண் வேலை. மருந்து அடிப்பதும் டிராக்டர் ஓட்டுவதும் ஆண் வேலை. ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு. நாள் முழுக்கக் குனிந்து பருத்தி எடுப்பதற்கு எந்தக் குரோமோசோமில் மரபணு இருக்கிறது? 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் ஒரே ஊரில் ஒரே ஏரியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வைத்தது. அதனால் மண் வெட்டும் வேகம் குறைந்துவிட்டதாகப் புலம்பியவர்கள் உண்டு. யாருடைய ஹார்மோனும் மாறியதாகத் தகவல் இல்லை.

ஆண், பெண் என்ற இந்த இரண்டு பெட்டிகளும் ஒரே உயரத்திலும் இல்லை. இயற்கையில் நூறு பெண் குழந்தைக்கு 105 ஆண் குழந்தை பிறக்கும். அதாவது ஆயிரம் ஆணுக்கு 950ஐ ஒட்டிய பெண். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் தமிழகச் சராசரி 943. பெரம்பலூரில் 913, அரியலூரில் 897. மாநிலத்தின் அடிமட்டத்தில் இருந்த மாவட்டங்களில் இவை இரண்டும் சேர்ந்தன; சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011இல் இங்கெல்லாம் நீட்டினார்கள். ஸ்கேன் மையங்களில் கருவின் பாலைச் சொல்வது குற்றம் என்று பலகை தொங்குவது 1994 சட்டத்தால். ஆணா பெண்ணா என்பது வெறும் தகவலாக இருந்திருந்தால் அதைச் சொல்வதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருக்காது.

தாம் பிறந்தபோது எழுதப்பட்ட பாலோடு மனம் பொருந்தாதவர்கள் திருநர். இவர்களையும் ஊடுபாலரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. திருநங்கையரிலும் திருநம்பியரிலும் பெரும்பாலோருக்குக் குரோமோசோமும் உறுப்பும் பாடப்புத்தகத்தில் சொன்னபடியே இருக்கும். வேறுபடுவது தன்னைத் தான் யாரென்று உணர்வது. அதற்கு ஒற்றை மரபணு எதுவும் அகப்படவில்லை. உருவொத்த இரட்டையரில் ஒருவர் திருநராக இருந்தால் மற்றவரும் அப்படியிருக்கும் வாய்ப்பு மற்ற உடன்பிறப்புகளைவிடக் கூடுதல் என்பதால் பிறவியிலேயே ஏதோ ஒரு பங்கு இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது.

தமிழுக்கு இது புதிய சங்கதி இல்லை. இத்தகையவர்களைச் சுட்ட வினைக்குத் தனி ஈறு கிடையாது, ஆண்பால் பெண்பால் ஈறுகளையே இரவல் வாங்க வேண்டும் என்று தொல்காப்பியமே விதி செய்திருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், பெட்டி இல்லை என்பதை அந்த இலக்கணக்காரர் பார்த்திருக்கிறார். பெட்டி கொடுத்தது நம் காலம். 2008இல் தமிழகம் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. 2011 கணக்கெடுப்பு 'மற்றவர்' என்று மூன்றாவது குறியீடு வைத்தபோது தமிழகத்தில் 22,364 பேர் அதில் வந்தார்கள். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலை ஏற்றது. தன் பாலினத்தைச் சொல்லும் உரிமை அவரவருடையது என்றது. மூன்றாம் பெட்டி வந்ததும் தீர்ந்ததா? பல திருநங்கையர் தங்களைப் பெண் என்றே பதியச் சொல்கிறார்கள், மற்றவர் என்று அல்ல. தூத்துக்குடியில் 2018இல் கோயிலில் கல்யாணம் செய்த ஒரு திருநங்கைக்குப் பதிவு மறுக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் திருநங்கையும்தான் என்று தீர்ப்பளித்தார்.

அதே தீர்ப்பில் அவர், யாரும் கேட்காமலே இன்னொரு காரியத்தையும் செய்தார். ஊடுபால் குழந்தைகளுக்குச் சிசுவிலேயே உறுப்பை 'சரிசெய்யும்' அறுவைக்குத் தடை விதிக்க அரசாணை போடச் சொன்னார். மதுரை கோபி ஷங்கர் போன்ற ஊடுபால் உரிமைச் செயற்பாட்டாளர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. 2019 ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு. உலகில் மால்டா 2015இலேயே செய்திருந்தது.

இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. கனடாவில் 1965இல் பிறந்த டேவிட் ரைமருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது சுன்னத்து அறுவையில் உறுப்பு கருகிவிட்டது. ஜான் மணி என்ற புகழ்பெற்ற உளவியலாளர், வளர்ப்புதான் பாலினம் என்று நம்பியவர், பெண்ணாக மாற்றி வளர்க்கச் சொன்னார். பரிசோதனை வெற்றி என்று பாடநூல்களில் எழுதினார்கள். பதினான்கு வயதில் உண்மை தெரிந்ததும் அந்தப் பிள்ளை ஆணாகத் திரும்பிவிட்டான். ஒருநாளும் பெண்ணாக உணர்ந்ததே இல்லை என்றான். 1997இல் மில்டன் டயமண்ட் இதை வெளியிட்டபோதுதான் மருத்துவ உலகம் விழித்தது. அதற்குள் அதே நம்பிக்கையில் எத்தனையோ ஊடுபால் சிசுக்கள் கத்திக்குப் போயிருந்தன. பெண்ணுறுப்பாக வடிப்பது சுலபம் என்பதால் பல குழந்தைகளைப் பெண்ணாக்கினார்கள். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. குழந்தை பேசத் தொடங்கும்வரை அது யாரென்று யாருக்கும் தெரியாது.

ஆகவே பிரசவ அறையில் தாதி தயங்கினால் வீட்டார் உடனே செய்ய வேண்டியது ஒன்று, காத்திருக்க வேண்டியது பல. குரோமோசோம் பார்ப்பது, ஹார்மோன் பார்ப்பது, வயிற்று ஸ்கேன் எல்லாம் நிதானமாக நடக்கலாம். பெயருக்கும் அவசரம் இல்லை: பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டுப் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும், 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்க விதி இடம் தருகிறது. ஆனால் முன்னே சொன்ன அட்ரீனல் குறைபாட்டில் பல குழந்தைகளின் உடம்பு உப்பைத் தங்கவிடாது. பார்க்கத் திடமாக இருக்கும் பிள்ளை இரண்டாவது வாரத்தில் வாந்தியெடுத்துத் துவண்டு இறந்துவிடலாம். தினமும் கொடுக்கும் சாதாரண ஸ்டீராய்டு மருந்து அதைக் காப்பாற்றும். சோடியம், பொட்டாசியம், அந்தச் சுரப்பியின் ஹார்மோன், இவற்றுக்கான ரத்தப் பரிசோதனையை முதல் வாரத்துக்குள் செய்துவிட வேண்டும்.